‘அருமை’ என்பது எதிர்வினை ஆகாது

சென்ற ஆண்டு என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலின் வரைவை 26 பேருக்கு அனுப்பினேன். போசரி தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பேச்சில் மராத்திச் சொற்கள் எவ்வாறு இடம்பிடிக்கின்றன என்பது அதன் பொருள். 11 பேர் மறுமொழி அனுப்பினர். ‘அருமை’, ‘மிகச் சிறப்பு தோழர்’, ‘பணி தொடர்க’. இருவர் கைகூப்பும் படம் மட்டும் அனுப்பினர். 64 பக்கங்களில் ஒரு பிழைகூடவா அவர்கள் கண்ணில் படவில்லை?

பிழை இருந்தது. அதைக் காட்டியவர் அந்த 26 பேரில் ஒருவர் அல்லர். லாண்டேவாடியில் குடியிருக்கும் லேத் தொழிலாளி. என் தகவலாளிகளுள் ஒருவர் என்னும் முறையில் அவருக்கும் ஒரு படி கொடுத்திருந்தேன். ‘கோலி’ என்னும் சொல்லுக்கு ‘அறை’ என்று பொருள் எழுதி, மராத்திச் சொல் தமிழ்ச் சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று நான் முடித்திருந்தேன். அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “தம்பி, சொந்த வீட்டில் இருப்பதை நாங்கள் கோலி என்று சொல்வதில்லை, அது ரூம். வாடகைக்குப் பிடிக்கும் ஒற்றை அறைதான் கோலி.” ஒரு சொல் இன்னொன்றை விரட்டவில்லை; இரண்டும் பொருளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. என் வாதத்தின் பாதி அந்த இரண்டு வரிகளில் சரிந்தது. இயலைத் திருத்தி எழுத நான்கு மாதம் ஆயிற்று. மொழியியலில் பட்டம் பெற்ற எவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நான் வசிக்கும் இடத்திலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தை அடையலாம். மகாபாரதச் செம்பதிப்பு உருவான இடம். 1919இல் தொடங்கி 1966இல் நிறைவுற்ற அந்தப் பெரும்பணியைப் பற்றிப் பேசுவோர் சுவடிகளின் எண்ணிக்கையையும் உழைப்பையும் வியப்பார்கள். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. 1923இல் உத்கிகர் பதிப்பித்த விராட பருவத்தை அந்நிறுவனம் ‘தற்காலிகப் பதிப்பு’ என்று பெயரிட்டே வெளியிட்டது. இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா என எங்கும் இருந்த வடமொழி அறிஞர்களுக்குப் படிகளை இலவசமாக அனுப்பி, பதிப்பு முறையைப் பற்றி ஒளிவுமறைவற்ற கருத்தைக் கேட்டது. அறிஞர்கள் பாராட்டியதோடு நிற்காமல் யோசனைகளும் எழுதினார்கள். அவற்றைப் பெரிதும் பின்பற்றியதாக, 1925இல் பொறுப்பேற்ற சுக்தாங்கர் தம் முன்னுரையில் பதிவுசெய்தார். விராட பருவத்தின் செம்பதிப்பு ரகு வீராவின் பதிப்பாக 1936இல்தான் வந்தது. இடையில் ஜெர்மானிய அறிஞர் வால்டர் ரூபன் பதிப்பு முறையைக் கேள்விக்குட்படுத்தியபோது, சுக்தாங்கர் அதற்கென்றே தனிக் கட்டுரை எழுதி நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். மாற்றுக் கருத்து கடல் கடந்து, கடிதமாகவும் கட்டுரையாகவும் வந்த காலம் அது. இன்று ஒரு நொடியில் கோப்பு போய்ச் சேர்கிறது. திரும்பி வருவதோ கைகூப்பும் படம்.

நம்மிடம் இம்மரபு இல்லாமலில்லை. சேனாவரையர் இளம்பூரணரைப் பெயர் சொல்லாமல் ‘உரையாசிரியர்’ என்று மதிப்போடு சுட்டி, அடுத்த வரியிலேயே மறுப்பார். மதிப்பும் மறுப்பும் அவருக்கு ஒன்றையொன்று விலக்கவில்லை. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய மறுப்பின் பெயரே ‘சூறாவளி’. அத்தனை வேகம் எனக்கு உவப்பில்லைதான். ஆனால் ஒரு நூலை வரிவரியாகப் படிக்காமல் அப்படியொரு மறுப்பை எழுத முடியாது. இறையனார் களவியலுரை சொல்லும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எவர் உரை மெய்யுரை என்று தேர, ஊமைச் சிறுவனான உருத்திரசன்மனை அமர்த்தினார்கள். மருதன் இளநாகனார் உரைக்கு ஓரோரிடத்தில் கண்ணீர். நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர். அது கதைதான். ஆனால் வாய் பேசாத பிள்ளையும் எந்த இடம், எந்த இடமன்று என்று பிரித்துக் காட்டினான் என்பதை அக்கதை விடாமல் சொல்கிறது. நாம் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ‘அருமை’யை வழங்குகிறோம்.

நாம் விமர்சிப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. கருத்தரங்கு முடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு மரத்தடியில் நின்று, கட்டுரை வாசித்தவரைக் கிழித்துத் தொங்கவிடுகிறோம். அங்கே சொல்லப்படும் குறைகளில் பாதி உண்மையானவை, பயனுள்ளவை. அவை எழுதியவரின் காதுக்கு மட்டும் போவதில்லை. அவருக்குப் பொன்னாடை போகிறது.

அச்சம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எதிரே இருப்பவர் நாளை வாய்மொழித் தேர்வுக்கு வரக்கூடியவர், நெறியாளரின் நண்பர். ஒருமுறை ஒரு மூத்த பேராசிரியரின் கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் தவறாகப் பகுக்கப்பட்டிருப்பதைப் பணிவோடு எழுதிக் காட்டினேன். பதில் வரவில்லை, அடுத்த கருத்தரங்கின் அழைப்பும் வரவில்லை. ஆகவே மாணவர்களிடம் ‘துணிந்து எழுதுங்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். முதலில் எழுத வேண்டியவர்கள் பணி நிரந்தரம் பெற்றவர்கள். தம்மை மறுத்த மாணவரின் பெயரைத் தம் அடுத்த கட்டுரையில் நன்றியோடு குறிப்பிடும் ஓர் ஆசிரியர், பத்துப் பயிலரங்குகள் செய்யாததைச் செய்துவிடுவார்.

நேரமில்லை என்னும் வாதத்தை நான் ஏற்பதில்லை. முழு மதிப்புரை எழுதும்படி யாரும் கேட்கவில்லை. ‘17ஆம் பக்கத்துச் சான்று உங்கள் முடிவைத் தாங்கவில்லை’ என்று எழுத இரண்டு நிமிடம் போதும். 1959இல் சால் டாக்ஸ் தொடங்கிய ‘கரண்ட் ஆந்த்ரபாலஜி’ ஆய்விதழ், கட்டுரையோடு பிற அறிஞர்களின் கருத்துரைகளையும் ஆசிரியரின் மறுமொழியையும் சேர்த்தே அச்சிடும் வழக்கத்தை வளர்த்தது. அக்கருத்துரைகளில் பல ஓரிரு பத்திகளே. கட்டுரையைவிட அவற்றுக்காகவே நான் அவ்விதழைப் புரட்டிய நாள்கள் உண்டு.

திருத்திய மூன்றாம் இயல் இப்போது 71 பக்கம். கேட்போர் அனைவருக்கும் அனுப்புகிறேன். 22ஆம் பக்கத்தில் ‘பஸ்’ என்னும் சொல் ‘போதும்’ என்ற பொருளில் வருவதை மராத்தியின் செல்வாக்காக எழுதியிருக்கிறேன். அது இந்தி வழியாகவும் வந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறியும் வழி எனக்கு இன்னும் புலப்படவில்லை. 40ஆம் பக்கத்து அட்டவணையில் பெண்களின் பேச்சு குறைவாகவே இடம்பெற்றிருக்கிறது. இவ்விரண்டும் எனக்கே தெரிந்த குறைகள். மற்றவற்றை நீங்கள் எழுதுங்கள். பென்சிலால் ஓரத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாலும் சரி.