கைப்பேசி தந்த விடுதலை என்னும் கட்டுக்கதை

தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடி வெளியிடும் பெண் கலைஞர் இணையம் ஈன்ற பிள்ளை என்றும், ஒலிவாங்கியும் கைப்பேசியும் மலிந்ததால்தான் அவருக்கு விடுதலை கிட்டியது என்றும் ஓர் எண்ணம் இன்று பரவலாக வேரூன்றியிருக்கிறது. மைசூர்ப் பக்கத்து ராமாபுரம் போன்ற சிற்றூரில் வாழும் ஒரு பெண்கூட, எந்த நிறுவனத்தின் வாசலிலும் காத்துக்கிடக்காமல், இரவில் பதிவுசெய்த பாடலைக் காலையில் உலகமே கேட்கச் செய்துவிடலாம் என்பது இவ்வெண்ணத்தைப் பரப்புவோர் விரும்பிச் சொல்லும் எடுத்துக்காட்டு. அதில் பொய்யில்லை, அதிலிருந்து அவர்கள் வருவிக்கும் முடிவில்தான் பிழை இருக்கிறது. சுயாதீன இசை, அதாவது திரைப்படத்தையோ பெரிய ஒலிப்பதிவு நிறுவனத்தையோ சாராமல் கலைஞர் தம் பொறுப்பிலேயே உருவாக்கும் இசை, பதிவுக் கருவியின் விலையால் பிழைப்பதில்லை; பாடல் யாருடைய உடைமை, அது ஈட்டும் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பவற்றால் பிழைக்கிறது. இதைக் காட்ட மைசூர் வட்டாரமே போதும். புதிய கருவியை நம்பி வானளாவ உயர்ந்த ஒரு பாடகியின் வாழ்வு முடிந்ததும், மண்ணையும் மேடையையும் நம்பிய இன்னொரு பாடகியின் வாழ்வு தொடங்கியதும் அங்கேதான்.

முதலாமவர் கௌஹர் ஜான். 1873இல் ஆசம்கரில் ஏஞ்சலினா யோவர்ட் என்ற பெயரில் பிறந்த அவர், தாயோடு இஸ்லாத்தைத் தழுவிக் கல்கத்தாவில் தவாயிஃப் ஆக, அதாவது இசை, நடனம், கவிதை மூன்றையும் தொழிலாகக் கொண்ட வடநாட்டுப் பெண் கலைஞர் மரபினராக, வளர்ந்தார். பெண் குரல் கொடுப்பவள் மட்டுமே, படைப்பு ஆணுடையது என்று இன்றும் நம்புவோர், அவருடைய தாய் மல்கா ஜான் 1886இலேயே தம் உருதுக் கவிதைகளைத் தொகுப்பாக வெளியிட்டதைக் கவனிக்க வேண்டும். மகளும் சளைத்தவர் அல்லர். 'ஹம்தம்' என்ற புனைபெயரில் தும்ரிகளை, அதாவது காதலையும் பிரிவையும் பாடும் இந்துஸ்தானி மெல்லிசை உருப்படிகளை, இயற்றிப் பாடினார். 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவுசெய்த முதல் இந்தியக் குரல்களுள் அவருடையதும் ஒன்று. மணிக்கணக்கில் விரியும் ராகத்தை ஏறத்தாழ மூன்று நிமிடத் தட்டுக்குள் அடக்கும் வித்தையை அவர் எவரிடமும் கற்கவில்லை, கற்பிக்க அன்று எவரும் இருக்கவுமில்லை. பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரை உரக்கச் சொல்வது அவர் தட்டுகளின் அடையாளம். தொடக்ககாலத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டதால், முகப்புச் சீட்டில் யார் பெயரை எழுதுவது என்று அங்குள்ளோர் அறிய அந்த அறிவிப்பு உதவியது. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 பதிவுகள், 1911இல் தில்லி தர்பாரில் பிரித்தானிய அரசர் முன் கச்சேரி என்று அவர் எட்டிய உயரத்தை இன்றைய கோடிக்கணக்கான பார்வைகளோடு ஒப்பிட்டால் அது மிகையாகாது.

கருவியே விடுதலை தரும் என்றால், அந்நாளின் மிகப் புதிய கருவியைக் கையாண்ட இப்பெண்ணைவிட விடுதலை பெற்றவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஆனால் தட்டில் பதிந்த குரலுக்கு ஒரு முறை கூலி கொடுத்தால் கணக்கு முடிந்தது என்பதே அக்கால வழக்கம். 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம், 1914இல் இந்தியாவுக்கு ஏற்றபடி நடைமுறைக்கு வந்தபோது, மூலத் தகட்டை உடைமையாகக் கொண்டவரையே அந்த ஒலிப்பதிவின் ஆசிரியர் எனக் கருதியது. 'ஆசிரியர்' என்ற சொல்லை இங்கே நின்று நோக்க வேண்டும்: பாடியவரையும் புனைந்தவரையும் விட்டுவிட்டு மெழுகுக்கும் உலோகத்துக்கும் உரியவருக்குச் சட்டம் அப்பட்டத்தைச் சூட்டியது. கௌஹர் ஜான் ஈட்டிய பெருஞ்செல்வம் வழக்குகளிலும் நம்பிய மனிதர்களோடு நேர்ந்த பூசல்களிலும் கரைந்தபின், அவருக்குப் பின்பலமாக நிற்கப் பாடல்களிலிருந்து வரும் வருவாய் எதுவும் இல்லாமற்போனது இதன் விளைவு. 1928இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மாதம் 500 ரூபாய் ஊதியத்தில் அவரை மைசூர் அரண்மனைக் கலைஞராக நியமித்தார்; 1930 ஜனவரி 17 அன்று அவ்வூரிலேயே அவர் மறைந்தார். அரசரின் பெருந்தன்மையைக் குறைகூற இடமில்லை. ஆனால் இந்தியாவின் முதல் இசைத்தட்டு நட்சத்திரம் இறுதியில் ஒரு மன்னரின் தயவில் ஒதுங்க நேர்ந்ததை விடுதலையின் வரலாறாக எழுத முடியாது.

இரண்டாமவர் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் 1878இல் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். இவர் பாடலாசிரியராகப் பெயர் பெற்றவர் அல்லர். எனினும் தன் கலைவாழ்வின் கடிவாளத்தைத் தன் கையிலேயே வைத்திருந்ததால் இவ்வாதத்துக்கு மிகவும் வேண்டியவர். தேவதாசி மரபில் பிறந்து, இளமையிலேயே மைசூரை விட்டு நீங்கி, பெங்களூரிலும் பின்னர்ச் சென்னையிலும் பாடகியாக நிலைபெற்ற அவர், ஈட்டியதைத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியெழுப்பச் செலவிட்டார். 1921இல் தொடங்கிய அப்பணி 1926இல் குடமுழுக்குடன் நிறைவேறியது. அவர் பணத்தில் எழுந்த அந்த இடத்திலேயே, தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட ஆண் வித்துவான்களின் கட்சிகள் இடம் தராதபோது, 1927இல் பெண்களுக்கெனத் தனிக் கட்சி அமைத்து இசை அஞ்சலி நடத்தினார். 1940ஐ ஒட்டிக் கட்சிகள் இணைந்தபோது பெண்களும் அங்கே இடம்பெற்றனர். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்துவனமு' என்னும் தெலுங்குக் காவியத்தை 1910இல் அவர் முழுமையாகப் பதிப்பித்ததும், அரசு அதைத் தடைசெய்ததும், 1947இல் தடை நீங்கியதும் தனியாக எழுத வேண்டிய கதை. இசைத்தட்டில் அவரும் பாடியவர்தான். ஆனால் அவருக்கு வலிமை தந்தவை நிலப் பத்திரமும் உயிலும்.

சட்டம் பின்னர்த் திருந்திவிட்டதே என்று மறுப்போர் உண்டு. திருந்திய வேகத்தைப் பார்த்தால் அம்மறுப்பு மெலிந்துபோகும். விடுதலைக்குப்பின் வந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம், அச்சிட்டோ எழுதியோ வேறுவகையில் வரைந்தோ காட்டப்பட்ட மெட்டையே 'இசைப் படைப்பு' என வரையறுத்தது. நாற்று நடும்போதும் தாலாட்டும்போதும் சுரக்குறிப்பின் துணையின்றிப் புதிய மெட்டுகளைக் கட்டிய பெண்கள் இவ்வரையறையின்படி எதையும் படைக்கவில்லை. 1994இல் அது மாற்றப்படும்வரை இந்நிலை நீடித்தது. பாட்டைப் பாடுபவருக்குச் சட்டத்தில் உரிமையேதும் இல்லை என்பதைச் சுட்டிய உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், 1977இல் இசைப் பதிப்புரிமை பற்றிய ஒரு வழக்கின் தீர்ப்பில், இது இந்திய மனப்பாங்குக்கு ஒவ்வாதது என்று தனிக் குறிப்பே எழுதினார். நிகழ்த்துநர் உரிமை, அதாவது பாடியவருக்குத் தம் பாட்டின் மீதான உரிமை, 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நுழைந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை, அதாவது படைப்பு பயன்படுத்தப்படும்போதெல்லாம் சேரவேண்டிய உரிமைத்தொகையை, நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது என்ற பாதுகாப்பு 2012இல் வந்தது. கௌஹர் ஜானின் முதல் பதிவுக்கும் இதற்கும் இடையே 110 ஆண்டுகள். அதற்குள் தட்டு போய், ஒலிநாடா போய், குறுவட்டும் போய்க்கொண்டிருந்தது. கருவிகள் ஓடின, உரிமை தவழ்ந்தது.

ஏட்டில் உள்ள உரிமையும் தானாக நடந்து வீடு தேடி வருவதில்லை. 2021இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' தமிழ்ச் சுயாதீன இசையின் வெற்றிக்கொடியாகக் கொண்டாடப்பட்டது. கோடிக்கணக்கானோர் கேட்டனர், பத்திரிகைகள் புதுயுகம் பிறந்ததாக எழுதின. 2024 மார்ச்சில், அப்பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் அதுவரை வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். திரைப்படத்தில் பெயரும் ஆள்பலமும் உள்ள ஓர் இசையமைப்பாளருக்கே இந்நிலை என்றால், வழக்கறிஞரின் முகத்தையே பார்த்திராத, தனியே எழுதிப் பாடும் ஓர் இளம்பெண்ணுக்கு ஒப்பந்தத்தின் சிற்றெழுத்தை யார் படித்துச் சொல்வார்கள் என்ற கேள்வி எழுகிறது. வீட்டு அறையிலேயே பதிவுசெய்ய முடிவது உண்மையான வசதி, அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அத்தகைய பெண்ணைப் பாராட்டி எழுதப்படும் கட்டுரைகள் அவர் எந்த ஒலிவாங்கியை வாங்கினார், எத்தனை இலட்சம் பேர் கேட்டனர் என்று விரிவாகச் சொல்கின்றன. மூலப் பதிவு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தப் பங்குக்கு என்பதைக் கேட்பதில்லை.