ரண வைத்தியமும் சட்டாம்பிள்ளையும்

நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி நழுவிக் காலில் பட்டுவிட்டால், அந்தத் தொழிலாளிக்கு வேண்டியது மந்திரமா, விபூதியா? காயத்தைக் கழுவி, ரத்தத்தை நிறுத்தி, நடுங்காமல் தையல் போடத் தெரிந்த ஒரு கைதான் வேண்டும். உதகையில் 2022ல் அரசாங்க மருத்துவக் கல்லூரியும், 2025 ஏப்ரலில் 700 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கட்டடம் தையல் போடாது.

கல்லூரியில் வருஷத்திற்கு 150 இடங்கள். ஒரு பேராசிரியர் அத்தனை பேர் பக்கத்திலும் நின்று முடிச்சுப் போடக் காட்டுவது ஆகிற காரியமா? டாக்டர் வீட்டுப் பிள்ளை தகப்பனாரிடம் கேட்டுக்கொள்ளும். 2020ஆம் வருஷச் சட்டப்படி 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் நுழையும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரிடம் கேட்கும்? ஆகவே, மேல் வகுப்பார் கீழ் வகுப்பாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே வகுப்பார், ஆண் பெண் பேதமின்றி, ஒருவர் கையை மற்றவர் பார்த்துத் திருத்த வேண்டும். நாற்காலிக் கையில் நூல் கட்டி முடிச்சுப் பழகலாம். ரப்பர்த் திண்டிலும் பன்றித் தோலிலும் தையல் பழகலாம்.

இது ஒன்றும் புதுமையல்ல. நமது திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான். சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆண்ட்ரூ பெல் துரை, 1797ல் அதைப் புத்தகமாக்கினார். அது 'சென்னை முறை' என்றே இங்கிலாந்தில் பரவிற்று.

பூசணியிலும் வெள்ளரியிலும் அறுத்துப் பழகு என்று சுஸ்ருதர் பேரால் வழங்கும் நூலும் சொல்லுகிறது. பிறகு நடந்ததென்ன? ரத்தம் தீட்டு, பிணம் தீட்டு என்ற கூட்டம் கத்தியைக் கீழே போட்டது. புண்ணை அறுத்ததும் பிரசவம் பார்த்ததும் நாவிதக் குடும்பத்தார். உயிரைக் காத்தவர்களைத் தாழ்ந்த ஜாதி என்றார்கள்! 1836ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தர் பிணத்தை அறுத்ததே பெரிய துணிச்சலாகப் பேசப்பட்டதென்றால், தீட்டின் பலத்தை யோசித்துப் பாருங்கள்.

மாணவன் மாணவனுக்குச் சொன்னால் தப்பும் பரவாதா என்று சிலர் கேட்கலாம். பரவும். அதனால்தான் செய்முறைப் படிகளை எழுதி வைத்து, தேர்ந்த ரண வைத்தியர் ஒருவர் ஒவ்வொருவரையும் பரீட்சிக்க வேண்டுமென்கிறோம். தேறிய பிறகே, அவர் மேற்பார்வையில், நோயாளி மேல் கை வைக்கலாம். ஏழையின் உடம்பு எழுதிப் பழகும் பலகையல்ல.

உதகை மாணவத் தோழர்களே! இன்று கற்ற முடிச்சை இன்றே பக்கத்திலிருப்பவருக்குக் கற்றுக்கொடுங்கள். வித்தையைப் பூட்டி வைத்தவர்களால் இந்நாடு கெட்டது போதும்.