நெடுவழிக்கு உரிய வண்டி யாது?

நம் கல்லூரி விடுதிகளிற் கோடை விடுமுறை அணுகுந்தோறும் ஒரு பேச்சு எழுகின்றது. லடாக்குக்குச் செல்வோர் யாவர், எவ்வண்டியிற் செல்வது என்பதே அப்பேச்சு. தொடங்கிய கால் நாழிகைக்குள் அது குதிரைத்திறனைப் பற்றிய வாதமாகவும், புகைக்குழாயின் ஓசையைப் பற்றிய புகழ்ச்சியாகவும் மாறிவிடுகின்றது. யாப்பிலக்கணத்துக்கு உரியனவாயிருந்த மாலைப்பொழுதுகள் பல இவ்வாறு கழிந்தன என்பதனை எம் ஆசிரியர்கள் இதனாலேனும் அறிவார்களாக. பேசுவோர் அனைவரும் ஒருமுகமாக ஒப்புக்கொள்ளும் கொள்கை ஒன்று உண்டு. எஞ்சின் பெரிதாகுந்தோறும் வண்டி நெடும்பயணத்துக்குத் தகுதியுடையதாகின்றது என்பதே அது. அக்கொள்கையையே யான் ஈண்டு மறுக்க முற்படுகின்றேன்.

இது வெறும் வாய்ச்சொற் போர் அன்று. இக்காலத்தில் நெடுவழி வண்டி யெனப்படுவன பெரும்பாலும் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுடையன. சில மூன்று நான்கு இலட்சத்தையும் எட்டுவன. நம்மவருட் பலருக்கு அத்தொகை தந்தையாரின் கடனாகவோ தமக்கையின் நகையாகவோ இருக்கும். பணம் போனாற் போகட்டும் என்பாருக்கும் உயிர் ஒன்றே. பிழைபடத் தெரிந்த வண்டி, ஆளில்லாக் கணவாயில் அந்திப் பொழுதில் தன் குணத்தைக் காட்டும்.

புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு ஒன்றில் உப்பு வணிகருடைய வண்டி வருகின்றது. பூட்டிய எருதுகள் நுகம் பழகாத இளையன. ஏற்றிய பண்டமோ பெரிது. வழியிற் பள்ளமும் மேடும் எவ்வாறிருக்குமென்று யார் அறிவார்? ஆகவே உமணர் வண்டியின் அடியிற் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்கின்றனர். நெடுவழிச் செலவின் இயல்பை இதனினும் தெளிவாகக் கூறினாரை யான் அறியேன். பழகாத இளமை, மிக்க சுமை, அறியாத வழி, முறிந்தால் மாற்றுதற்கு ஏற்பாடு என்னும் நான்கும் இன்றும் மாறவில்லை. அவ்வுமணர் தம் எருதுகளின் வேகத்தைப் பற்றி யாதும் பேசிற்றிலர் என்பதனையும் நண்பர்கள் நோக்குவார்களாக.

முதற்கண் எடையைக் கொள்வோம். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட 452 சி.சி. ஹிமாலயன் 196 கிலோகிராம் எடையுள்ளது. அவர்களுடைய மீட்டியர் 350 என்பது 191 கிலோகிராம். 648 சி.சி. இன்டர்செப்டர் இருநூற்றைக் கடந்து நிற்கின்றது. ஹீரோ நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட எக்ஸ்பல்ஸ் 200 ஏறக்குறைய 160 கிலோகிராம் அளவில் அமைகின்றது. இவற்றின்மேற் பைகளும் பெட்ரோற் கேனும் கூடாரமுமாக இருபத்தைந்து கிலோகிராம் ஏறும். தார்ச்சாலையில் நேரே ஓடும்போது இவ்வெடை தெரிவதில்லை. சொல்லப்போனால் எதிர்காற்றில் அது துணையாகவும் நிற்கும். மணலிலும், பனியுருகிச் சாலையைக் குறுக்கிடும் ஓடைகளின் கூழாங்கற்களிலும் வண்டி சாய்ந்துவிட்டாலோ, அதனை நிமிர்த்தவேண்டியவர் அதனின்று விழுந்தவரே. உயிர்வளி குறைந்த அவ்வுயரத்திற் பத்தடி நடப்பதே மூச்சிரைப்பைத் தரும். ஒருமுறை தூக்கலாம், மூன்றாம் முறை தூக்க இயலாது.

இருக்கையின் உயரமும் இதனைச் சார்ந்ததே. மீட்டியரின் இருக்கை தரையினின்று 765 மில்லிமீட்டர். ஹிமாலயன் 452இன் இருக்கை தாழ்ந்த நிலையிலும் 825. இவ்வேறுபாடு ஆறு சென்டிமீட்டரே யாயினும், நிற்கும்போது இரு பாதமும் நிலத்திற் படியுமோ, பெருவிரல் மட்டுமே தொடுமோ என்பதனை அதுவே முடிவு செய்கின்றது. பெண்களுக்கு நெடும்பயணம் ஏலாது என்று விடுதி மன்றங்களிற் கூறப்படுவதனைக் கேட்டிருக்கின்றேன். 1934ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு மகளிர் இலண்டன் நகரினின்று புறப்பட்டு, 600 சி.சி. பாந்தர் வண்டியிற் பக்கப் பெட்டியும் இழுவண்டியும் பூட்டி, சகாராப் பாலையைக் கடந்து, மறு ஆண்டு ஜூலை மாதத்திற் கேப் டவுன் சேர்ந்தனர். அக்கூற்றுக்கு இதனின் மேலான மறுமொழி வேண்டுவதில்லை. அவர்களுக்கு ஏலாதது பயணம் அன்று. நம் சந்தையில் உயர்ந்த இருக்கையே பலருக்கு ஏலாதது.

இனிப் பெட்ரோல். மணாலியினின்று லே நகருக்குச் செல்லும் வழியில் தண்டி என்னும் ஊரில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என அறிவித்த பலகை பயணிகளிடையே பெரும்புகழ் பெற்றது. இக்கணக்கில் நம் வண்டிகளை வைத்துப் பார்ப்போம். இன்டர்செப்டரின் தொட்டி 13.7 லிட்டர். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் எனக் கொண்டால் 342 கிலோமீட்டர் செல்லும். அஃதாவது 365ஐ எட்டுமுன் நின்றுவிடும். மீட்டியரின் தொட்டி 15 லிட்டர். 35 வீதம் 525. எக்ஸ்பல்ஸின் தொட்டி 13 லிட்டர். 40 வீதம் 520. நம் ஊர்ப் பால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓட்டும் 97 சி.சி. ஸ்ப்ளெண்டரின் தொட்டி 9.8 லிட்டரே, லிட்டருக்கு 60 எனக் கொண்டாலும் 588 செல்லும்! மலையேற்றத்தில் எல்லாக் கணக்கும் குறையும். ஆயினும் பெருவண்டிக்கே கேன் சுமக்கவேண்டும் என்பதும், அக்கேனும் எடையே என்பதும் விளங்கும்.

அங்ஙனமாயின் ஸ்ப்ளெண்டரே போதுமென்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. சிற்றெஞ்சினுக்கு எதிராக உண்மையான காரணங்கள் இரண்டு உள. ஒன்று, உயரம். 5,359 மீட்டர் உயரமுள்ள கார்டுங் லாவிற் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழப் பாதியே. எஞ்சின் உண்பது பெட்ரோலோடு காற்றையுமாதலின், அதன் வலிமையும் ஏறத்தாழப் பாதியாகும். எட்டுக் குதிரைத்திறன் நான்காகிவிடின் சுமையோடு ஏறுதல் அரிது. மற்றொன்று, நான்குவழிச் சாலை. சென்னையினின்று வடக்கே செல்பவர் முதல் ஈராயிரம் கிலோமீட்டரை லாரிகளின் நடுவே கழிக்கவேண்டும். ஆங்கு மணிக்கு 80 கிலோமீட்டரை இளைப்பின்றிக் காக்கவியலாத வண்டி தனக்கே இடையூறாகும். ஆகையால் கீழெல்லை ஒன்று வேண்டும். அஃது என் கருத்தில் 150 அல்லது 200 சி.சி. அளவினது. மேலெல்லையை மறந்துவிடுவதே நம் நண்பர்களின் குறை.

பழுதுபார்த்தலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். 2004இல் யூவன் மக்ரெகர், சார்லி பூர்மன் என்னும் நடிகர் இருவர் இலண்டனினின்று கீழ்த்திசை வழியாக நியூயார்க் சென்றனர். அவர்கள் ஏறியவை பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தாரின் 1150 சி.சி. பெருவண்டிகள். மங்கோலியாவில் அவர்களுடைய ஒளிப்பதிவாளரின் வண்டி பழுதுற்றுச் செல்லவியலாதாகவே, ஆங்கு அகப்பட்ட ரஷிய நாட்டு இஷ் பிளானெட்டா ஒன்றை வாங்கிப் பயணத்தைத் தொடர்ந்தனர். அச்சிறு வண்டியும் பன்முறை நின்றது. ஆனால் அதனை அறிந்தார் அந்நாட்டில் இருந்தனர். வண்டியின் வலிமை ஒன்று. அவ்வண்டியை அறிந்த கைகளின் எண்ணிக்கை மற்றொன்று. 1952இற் சே குவேராவும் அல்பெர்த்தோ கிரனாடோவும் ஏறிச்சென்ற 500 சி.சி. நார்ட்டன், 'வல்லமையுடையது' என்னும் பெயர் தாங்கியும் சிலி நாட்டோடு ஓய்ந்துவிட்டது. எஞ்சிய வழியை லாரிகளிலும் கப்பலிலும் அவர்கள் கடந்தனர்.

நம் நாட்டிற் புல்லட் வண்டிக்குள்ள பெருமை இதனாற்றான் வந்தது என்பது என் துணிபு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸாரும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர்க் கம்பெனியாரும் கூடி என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினர். திருவொற்றியூரிற் புல்லட் செய்யப்படலாயிற்று. அவ்வண்டியின் எண்ணெய்க் கசிவையும் அதிர்வையும் பழித்தார் பலர். எனினும் அமைப்பிற் பெரிதும் மாறாது பல்லாண்டு வந்தமையால், காஷ்மீரிலும் குமரியிலும் அதனைப் பிரித்துப் பூட்டவல்ல மெக்கானிக்குகள் தோன்றினர். இன்றைய வண்டிகளின் மின்னணுப் பெட்டிகளை அவர்கள் திறக்கவியலாது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகை விதிகளுக்குப் பின் கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலை அளந்து தெளிக்கும் கருவி யாண்டும் பரவியது. உயரத்தில் அது நன்மையே. காற்றுக் குறைந்த இடத்திற் பெட்ரோலையும் தானே குறைத்துக்கொள்ளும். பழுதுற்றாலோ, கம்பெனியின் நிலையத்தையே நாடவேண்டும். ஆகவே வாங்குமுன் நிலப்படத்தை விரித்து, தம் வழியில் அந்நிலையங்கள் எங்குள எனக் குறித்துக்கொள்ளுதல் நலம். ஒரு கடையில் யான் செயின் இறுக்கும் முறையை வினவியபோது, விற்பனையாளர் வண்டியைக் கைப்பேசியோடு இணைக்கும் முறையை மிகுந்த அன்போடு விளக்கினார்!

பிரேக்கைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டுவதில்லை, 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். 2019 முதற் கட்டாயமாயிற்று. டயரின் திறத்தில் ஒரு சொல். ட்யூப் இல்லாத டயரிற் பஞ்சரைச் சக்கரம் கழற்றாமலே கால்மணியில் அடைக்கலாம். ட்யூப் உள்ளதாயின் சக்கரத்தைக் கழற்றவேண்டும். அதனைக் கழற்றிப் பழகாதவர் கம்பிச் சக்கரத்தின் அழகில் மயங்கற்க.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால், தமியராகச் செல்லும் மாணவருக்கு 200 சி.சி. அளவினதாய், 160 கிலோகிராமைப் பெரிதும் விஞ்சாத வண்டியே தக்கதென்பேன். இருவர் ஏறிச் செல்வதாயின் 350 வரை செல்லலாம். அதற்கு மேற்பட்டவை பயணத்துக்கல்ல, கல்லூரி வாயிலில் நிறுத்துதற்கே பெரிதும் பயன்படுகின்றன. வாங்க விரும்புவார் அத்தகைய வண்டியை உடைய நண்பர் ஒருவரை இரந்து, நம் விளையாட்டு நிலத்திற் பழைய மெத்தை விரித்து அதன்மேல் வண்டியைக் கிடத்தி, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையையும் கட்டி, எவர் துணையுமின்றி மும்முறை தூக்கிப் பார்ப்பாராக. நிறத்தைப் பற்றி யான் யாதும் உரைத்திலேன். அதனை வீட்டிலுள்ள தங்கையர் முடிவு செய்துவிடுவர்.