எட்டு மணி நேரமும் இரட்டைக் கூலியும்

ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. வரும் திங்கட்கிழமை முதல் ஷிப்டு நேரம் மாறுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. கூலிக் குறைப்பு என்ற சொல் அதில் இல்லை. ஆட்குறைப்பு என்ற சொல்லும் இல்லை. “நேரந்தானே மாறுகிறது, உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று நிர்வாகம் கேட்கிறது. மாத முடிவில் சம்பளச் சீட்டு கைக்கு வருகிறது. ஓவர்டைம் என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. உழைத்த மணி குறைந்ததா? இல்லை. சிந்திய வியர்வை குறைந்ததா? அதுவும் இல்லை. பின் அந்தப் பணம் எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஊழியரும் தெளிவான விடை சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். கூலியை வெட்டினால் தொழிலாளி உடனே கொதித்தெழுவான் என்பதை முதலாளிகள் நன்கு அறிவர். ஆகவேதான் அவர்கள் இன்று கூலியில் கை வைப்பதில்லை. கடிகாரத்தில் கை வைக்கிறார்கள்.

இரட்டைக் கூலி எதற்காக?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி என்று வரம்பு கட்டியது. ஓய்வு நேரத்தையும் சேர்த்து, ஒரு நாளில் தொழிலாளியை ஆலையில் நிறுத்தி வைக்கும் காலம் பத்தரை மணியைத் தாண்டலாகாது என்றது. வரம்புக்கு மேல் வேலை வாங்கினால், அந்த நேரத்துக்கு இரு மடங்கு கூலி தர வேண்டும் என்று 59-ஆவது பிரிவு விதித்தது.

இந்த இரண்டாவது மடங்கைச் சிலர் வெகுமதி என்று எண்ணுகின்றனர். அது வெகுமதியன்று, வேலி. ஒற்றைக் கூலியிலேயே பன்னிரண்டு மணி வேலை வாங்க முடியுமானால், எந்த முதலாளி மூன்றாவது ஷிப்டுக்கு ஆள் எடுப்பான்? மூன்று பேர் எட்டு மணி வீதம் செய்யும் வேலையை இரண்டு பேர் பன்னிரண்டு மணி வீதம் செய்து முடித்துவிடலாம் அல்லவா? மூன்றாவது மனிதன் ஆலை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். மிகை நேரம் முதலாளிக்குக் கசக்க வேண்டும், புதிதாக ஆள் எடுப்பதே அவனுக்கு லாபமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இரட்டைக் கூலி வைக்கப்பட்டது. உள்ளே உழைப்பவனின் உடலையும், வெளியே வேலை தேடி நிற்பவனின் வயிற்றையும் ஒருங்கே காக்கும் விதி அது.

இந்த வேலியை ஒரே நாளில் யாரும் கட்டித் தந்துவிடவில்லை. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலை ஆண் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 12 மணி என்றது. 1922-இல் அது வாரத்துக்கு 60 மணியாயிற்று. 1934-இல் 54 ஆயிற்று. டாக்டர் அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில், 1946-இல், 48 ஆயிற்று. ஒவ்வொரு படிக்கும் பின்னால் வேலை நிறுத்தங்கள் உண்டு, சிறைவாசம் உண்டு. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற போராட்டத்தில் கூலியோடு வேலை நேரமும் வாராந்திர விடுமுறையும் கோரிக்கைகளாக இருந்தன. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றியதும் இந்த எட்டு மணி நேரத்தின் பெயரால்தான்.

குஜராத்தில் நடந்தது என்ன?

வேலியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, கண்ணெதிரே கண்டோம். 2020-ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றில் நாடு முடங்கிக் கிடந்தபோது, ஏப்ரல் 17-ஆம் தேதி குஜராத் சர்க்கார் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 72 மணி வேலை வாங்கலாம். மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம், அதே விகிதத்தில் தந்தால் போதும் என்றது அது. எட்டு மணிக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணிக்கு 120 ரூபாய் என்று கணக்கும் அந்த அறிவிப்பிலேயே போட்டுக் காட்டப்பட்டிருந்தது.

அவர்கள் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 10 ரூபாய் வீதம் 72 மணிக்கு 720 ரூபாய். சட்டப்படி 48 மணிக்கு 480 ரூபாய். மிஞ்சிய 24 மணிக்கு இரட்டை வீதத்தில் மற்றொரு 480 ரூபாய். ஆக 960 ரூபாய். வாரந்தோறும் 240 ரூபாய், உழைத்தவன் கையிலிருந்து உடையவன் பைக்குப் போகிறது. உழைப்பவனிடம் நாலில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டு, இதற்குப் பொருளாதார மீட்சி என்று பெயரிட்டனர்!

தொழிற்சங்கங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றன. 2020 அக்டோபர் 1-ஆம் தேதி நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் பெஞ்சு அந்த அறிவிப்புகளை ரத்துச் செய்தது. பெருந்தொற்றால் வந்த பொருளாதார நெருக்கடி, சட்டம் கூறும் பொது அவசரநிலை ஆகாது என்றது. வாழும் உரிமையையும், கட்டாய உழைப்புக்கு எதிரான உரிமையையும் நினைவூட்டியது. அறிவிப்பு வந்த நாள் முதல் உழைத்தவர்களுக்கு மிகைநேரக் கூலியைத் தரும்படியும் உத்தரவிட்டது. நெருக்கடியின் சுமையைத் தொழிலாளியின் முதுகில் மட்டும் ஏற்றலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தமிழகம் தடுத்து நிறுத்தியது

அதே ஆபத்து 2023-இல் நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழகச் சட்டசபையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. 65-ஏ என்ற புதிய பிரிவு புகுத்தப்பட்டது. சர்க்கார் விரும்பினால் எந்த ஆலைக்கும் சில பிரிவுகளிலிருந்து விலக்களிக்கலாம் என்றது அது. எந்தப் பிரிவுகள்? வார வேலை நேரம், வார விடுமுறை, நாள் வேலை நேரம், இடை ஓய்வு, ஆலையில் நிறுத்தி வைக்கும் கால அளவு. கடைசியாக, இரட்டைக் கூலி கூறும் 59-ஆவது பிரிவு! வேலியின் எந்தக் கல்லும் மீதி வைக்கப்படவில்லை.

“நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு, தொழிலாளிக்கு நன்மைதானே?” என்று வாதாடினர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பழைய சட்டப்படி நாளுக்கு 12 மணி வேலை செய்தால் 9 மணிக்கு மேற்பட்ட மூன்று மணியும் மிகை நேரம். நான்கு நாளில் அது 12 மணி. அதற்கு இரட்டைக் கூலி உண்டு. விலக்கு வந்துவிட்டால் அதே 12 மணி சாதாரண நேரம் ஆகிவிடும். வேலை அதே வேலை, பெயர் மட்டும் மாறுகிறது, பணம் மறைகிறது. வீட்டிலிருந்து ஆலைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் எடுக்கும் ஒரு பெண் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பதினான்கு மணி கழித்து வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளையைக் கவனித்து, அவள் எப்போது உறங்குவாள்? முதல் நான்கு நாளில் முறிந்த உடலை அடுத்த மூன்று நாள் ஓய்வு ஒட்டவைத்துவிடுமா?

தொழிற்சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே சபையில் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில், ஏப்ரல் 24-இல், மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். எதிர்ப்புக்குச் செவிசாய்த்தது நல்லதே. ஆனால் செவிசாய்க்க வைத்தது எது? ஒன்றுபட்ட எதிர்ப்பு. அதை மறந்துவிட வேண்டாம்.

இன்றைய நிலை

வெற்றி பெற்றோம் என்று கண்ணயர்ந்திருக்க முடியவில்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தது. எட்டு மணி நேரம் அதிலும் இருக்கிறது. இரட்டைக் கூலியும் இருக்கிறது. மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பின் குறை என்ன என்று கேட்பீர்கள். குறை இரண்டு.

முதலாவது, ஒரு நாளில் ஆலையில் நிறுத்தி வைக்கும் கால அளவையும், மிகை நேரத்தின் உச்ச வரம்பையும் பழைய சட்டம் தானே எழுதி வைத்திருந்தது. புதிய தொகுப்போ அவற்றைச் சர்க்காரின் விதிக்கும் அறிவிப்புக்கும் விட்டுவிட்டது. சட்டசபையில் விவாதித்து மாற்ற வேண்டியதை இனி ஒரு கையெழுத்தால் மாற்றலாம்.

இரண்டாவது, இரட்டை என்றால் எதன் இரட்டை? பழைய சட்டம் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. புதிய தொகுப்பு தரும் கூலி விளக்கத்தில் வீட்டு வாடகைப்படி போன்றவை சேரா. விலக்கப்பட்ட தொகைகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டுமே கூலியில் சேரும். ஓர் உதாரணம்: அடிப்படையும் பஞ்சப்படியும் 10,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி 5,000 ரூபாய். மாதத்துக்கு 208 மணி வேலை. பழைய கணக்கில் மிகை நேரத்துக்கு மணிக்குச் சுமார் 144 ரூபாய். புதிய விளக்கப்படி சுமார் 96 ரூபாய். இரட்டை என்ற சொல் இருக்கிறது. இரட்டிப்பது குறைந்த தொகையை!

நாம் செய்ய வேண்டியது

வேலை நேரத்தையோ ஷிப்டையோ மாற்ற 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதி புதிய தொகுப்பிலும் நீடிக்கிறது. அவசர நிலையெனில் குறைதீர்க்கும் குழுவைக் கலந்து ஷிப்டை மாற்றலாம் என்ற சந்தும் வைக்கப்பட்டிருக்கிறது. எனவே அக்குழுவில் நிர்வாகத்தின் தலையாட்டிகள் அமர இடங்கொடுக்கலாகாது. அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்ட அன்றே சங்கம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தன் கையால் குறித்து வைக்க வேண்டும்; சம்பளச் சீட்டை அக்குறிப்போடு ஒப்பிட வேண்டும். சம்மதக் கையெழுத்து கேட்டால், படித்துப் பார்க்காமல் போடலாகாது. ஒப்பந்தத் தொழிலாளியும் பெண் தொழிலாளியும் இக்கணக்கை அறியும்படி செய்வது நமது முதற்கடமை. சங்கத்துக்கு வெளியே நிற்பவனிடமிருந்தே முதலில் பறிக்கப்படுகிறது.

“ஓவர்டைம் கிடைத்தால் குடும்பத்துக்கு உதவும்” என்று சொல்லும் தோழனைக் கடிந்துகொள்ள வேண்டாம். எட்டு மணிக் கூலி வாழப் போதவில்லை என்பதையே அவன் சொல்கிறான். எட்டு மணி உழைப்பிலேயே ஒரு குடும்பம் தலைநிமிர்ந்து வாழும் கூலி வேண்டும் என்ற கோரிக்கையோடு அவனையும் நம் அணியில் சேர்ப்போம்.

1911-இல் பன்னிரண்டு மணி. 2023-இல் மீண்டும் பன்னிரண்டு மணிக்கு ஒரு முயற்சி. நூறாண்டுப் பயணத்தைப் பின்னோக்கித் திருப்ப நினைப்பவர்கள் ஓயமாட்டார்கள். கடிகார முள்ளைக் காக்கும் காவலர்களாகிய நாமும் ஓயலாகாது, தோழர்களே!