மின்கம்பி அருகே மழலைகள்: “வரம்புக்குள்” என்ற பதில் போதுமா?

பாச்சாங் – நகரத்துத் தாமானோ செம்பனைத் தோட்டமோ, உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு அருகில் குடியிருக்கும் பெற்றோரின் கேள்வி ஒன்றுதான்: “பிள்ளைகளுக்கு ஏதும் ஆகுமா?” “அனைத்துலக வரம்புக்குள்தான் இருக்கிறது” என்பதே வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பொய்யில்லை, ஆனால், கேட்ட கேள்விக்கு முழுப் பதிலும் இல்லை.

பொதுமக்களுக்கான காந்தப்புல வரம்பு 200 மைக்ரோடெஸ்லா என்கிறது 2010ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டி. நரம்பிலும் தசையிலும் உடனே ஏற்படும் பாதிப்பைத் தடுக்கவே அந்த வரம்பு. பெற்றோர் அஞ்சுவதோ, ஆண்டுக்கணக்கில் அங்கே வளரும் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று.

அந்தச் சந்தேகத்தை முதலில் கிளப்பியது 1979இல் வெளிவந்த அமெரிக்காவின் டென்வர் நகர ஆய்வு. 2000ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்நோய் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. வரம்பில் இது 500இல் ஒரு பங்குதான். 2002இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இக்காந்தப்புலத்தைப் “புற்றுநோயை உண்டாக்கக்கூடும்” எனும் 2பி பிரிவில் சேர்த்தது.

அதற்காக வீட்டை விற்றுவிட்டு ஓட வேண்டியதில்லை. மின்கம்பிதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. பிரிட்டனில் 2005இல் ஓர் ஆய்வு காட்டிய தொடர்பு, 1980களுக்குப் பின் காணப்படவில்லை என 2014இல் வெளியான விரிவான ஆய்வு கூறியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் சிறாரில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கே இந்நோய் வருகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் காட்டியது நடுவழி: புதிதாக அமைக்கும்போது, செலவு குறைந்த வழிகளில் குறைக்க முடிந்தால் குறையுங்கள். சுவரும் மரமும் காந்தப்புலத்தைத் தடுக்காது, தூரம்தான் குறைக்கும். எனவே பாலர் பள்ளியும் விளையாட்டுத் திடலும் எங்கே அமைகின்றன என்பது முக்கியம். வரைபடத்தில் தள்ளி வைப்பது எளிது. கட்டிய பிறகு கடினம்.

பெற்றோர் சங்கங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் இனி கேட்க வேண்டியது, “எத்தனை மைக்ரோடெஸ்லா? எந்த நேரத்தில் அளந்தீர்கள்?” என்பதே. மின்சாரம் அதிகம் ஓடும் நேரத்தில் அளவும் கூடும். பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனம் இத்தகைய அளவீடுகளைச் செய்கிறது. எண்ணை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

அளக்காமலே தெரிந்த ஆபத்து ஒன்றும் உண்டு: மின்கம்பி அருகே பிள்ளைகள் பட்டம் விடுவது. அதை இன்றே நிறுத்தலாம்.