ருத்ராட்சம் வாங்கப் போறீங்களா? கண்ணை நம்புங்க, கதையை நம்பாதீங்க!

கார்த்திகை பிறந்து விட்டால் போதும். சென்னையில் கோவில் வாசல்தோறும் மாலைக் கடைகள் களை கட்டி விடும். அய்யப்பனுக்கு விரதம் இருப்பவர்கள் துளசி மணி வாங்குவார்கள், ருத்ராட்சமும் வாங்குவார்கள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்தை நம்பி இன்னொரு வியாபாரமும் நடக்கிறது.

"சார், இது ஒரு முகம். லட்சத்தில் ஒண்ணு! வீட்டிலே வைங்க, கடன் எல்லாம் பறந்துடும்!"

கடனில் தவிக்கும் குமாஸ்தாவுக்கு இந்தப் பேச்சு தேனாக இனிக்கிறது. மனைவியின் கம்மலை அடகு வைத்தாவது வாங்கி விடலாமா என்று மனசு துடிக்கிறது. கடன் பறக்கிறதோ இல்லையோ, கம்மல் பறந்து விடும்!

முகம் என்றால் என்ன?

ருத்ராட்சம் ஒரு மரத்தின் பழக் கொட்டை. பழம் நீல நிறம். நேபாளத்திலும், இமயமலை அடிவாரத்திலும், இந்தோனேசியாவிலும் விளைகிறது. கொட்டையில் மேலிருந்து கீழே ஓடும் கோடுகளைத்தான் "முகம்" என்கிறார்கள். ஐந்து கோடு இருந்தால் ஐந்து முகம்.

மரத்தில் காய்ப்பதில் பெரும்பாலும் ஐந்து முகம்தான். ஏராளமாகக் கிடைப்பதால் விலை மலிவு. மட்டமான சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உருண்டையான ஒரு முகம் மிக மிக அபூர்வம். அபூர்வம் என்றால் விலை ஏறும். விலை ஏறினால் போலி கிளம்பும். கோடு கீறி முகத்தைக் கூட்டுகிறார்கள். கோட்டைப் பசையால் அடைத்து முகத்தைக் குறைக்கிறார்கள். இரண்டு மணியை ஒட்டி "கவுரி சங்கர்" என்கிறார்கள். பிளாஸ்டிக்கிலும் வார்க்கிறார்கள்!

டம்ளர் வித்தை

டம்ளர் தண்ணீரில் மணியைப் போட்டு, "மூழ்குது பாருங்க, அசல்!" என்பார்கள். ஈயத்தை உள்ளே வைத்தால் போலியும் மூழ்கும். நன்றாகக் காய்ந்த நல்ல மணி மிதக்கவும் செய்யும்.

இரண்டு செப்புக் காசுக்கு நடுவே வைத்துச் சுழல விடுவதும் அப்படித்தான். சொரசொரப்பான எந்தக் கொட்டையை அழுத்தினாலும் திரும்பத்தான் செய்யும்.

பின் எப்படித்தான் பார்ப்பது? வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கோடு ஒரு துளையில் தொடங்கி மறு துளை வரை அறுபடாமல் ஓட வேண்டும். மாலையில் எல்லா மணியும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருந்தால் கீழே வைத்து விடலாம்.

சிவபுராணமே அடையாளம் சொல்கிறது. நெல்லிக்காய் அளவு உத்தமம். இலந்தைப்பழ அளவு மத்திமம். கடலை அளவு அதற்கும் கீழே. பூச்சி அரித்தது, உடைந்தது, முள் போன்ற சொரசொரப்பு இல்லாதது ஆகாது.

அதிக விலை சொன்னால் எக்ஸ்ரே படம் கேட்க வேண்டும். நல்ல மணியில் வெளியே எத்தனை முகமோ, உள்ளேயும் பெரும்பாலும் அத்தனை அறை தெரியும். பில்லும் கேட்க வேண்டும். பில் கையில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் நியாயம் கேட்கலாம். பில் என்றதும் முகம் சுளிப்பவரிடம் எத்தனை முக மணியும் வாங்கக் கூடாது!

சர்க்கரை போகுமா?

"இதைப் போட்டால் சர்க்கரை வியாதி போகும், ரத்தக் கொதிப்பு அடங்கும்" என்றும் சொல்வார்கள். தாயத்து, மந்திரம் ஆகியவற்றால் இந்த நோய்கள் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மணியை நம்பி மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து வாங்கியவருக்குத்தான், விற்றவருக்கு இல்லை.

அணிவது எப்படி?

நல்ல கெட்டி நூலில் கோத்தால் போதும். நூல் நைந்தால் உடனே மாற்ற வேண்டும். மின்சார ரயில் நெரிசலில் அறுந்தால் மணியைப் பொறுக்கவா முடியும்? சோப்பு படாமல் பார்த்து, எப்போதாவது துளி நல்லெண்ணெய் தடவினால் மணி வெடிக்காது. ஜபமாலைக்கு 108 மணி. எண்ணிக்கையில் சேராத மேரு மணி ஒன்று. எப்போது கழற்றுவது என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காசு கேட்க மாட்டார்கள்.

ருத்ராட்சப் பூனை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாலை போட்டதால் பூனை எலியை விட்டு விடவில்லை. மணியின் விலை பக்தியின் அளவு ஆகாது.

ஒரு முகத்துக்குக் கொட்டும் பணத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பீசைக் கட்டலாம். கழுத்துக்கு ஐந்து முகம் போதும்!