லேபிளில் இல்லாத பெயர்

திருப்பூரில் தைக்கிற பனியன் எந்த நாட்டுக்குப் போனாலும் லேபிளில் இருப்பது பையரின் பெயர்தான். தைத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பேஸ் கிதார் வாசிப்பவர்கள் கதையும் ஏறக்குறைய இதேதான்! பாடியவர் பெயர் தெரியும், இசையமைத்தவர் பெயர் தெரியும். அடியில் ஓடுகிற அந்த கனத்த ஒலி யாருடையது? அதை மட்டும் எடுத்துவிட்டுக் கேட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

இந்த வரிசையில் இருந்து தன் பெயரோடு வெளியே வந்தவர் மோகினி டே. 1996-இல் மும்பையில் பிறந்தவர். அப்பா சுஜோய் டே பேஸ் கலைஞர், அம்மா பாடகி. மூன்று வயதிலேயே அப்பாவிடம் பாடம் ஆரம்பம். பள்ளியில் படிக்கும்போதே டிரம்மர் ரஞ்சித் பாரோட் தன்னோடு மேடையேற்றினார். பிறகு ஜாகிர் உசேன், ஏ.ஆர்.ரஹ்மான் என்று பெரிய பெரிய மேடைகள்.

உடனே "பிறவி மேதை" என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். பாராட்டு மாதிரி தெரிந்தாலும் அது உழைப்பை மறைக்கிற வார்த்தை. மோகினி டே தன் பெயரையே தலைப்பாக வைத்து, சொந்த இசையில் முதல் ஆல்பம் வெளியிட்டது 2023-இல். மூன்று வயதில் இருந்து கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 24 வருடம்! இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் அடுத்தவர் இசைக்குத்தான் வாசித்தார்.

அந்த வருடங்கள் வீணா? இல்லவே இல்லை. பேஸ் வாசிப்பவருக்கு ஒரு காது தாளத்தில், மறு காது மெட்டில் இருந்தாக வேண்டும். பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்று உள்ளே நின்று பார்க்கிற இடம் அது. அமெரிக்க ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸும் லூயி ஆம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன் குழுக்களில் பேஸ் வாசித்த பிறகுதான் பெரிய இசையமைப்பாளராக அறியப்பட்டார். அவருடைய புகழ்பெற்ற 'மிங்கஸ் ஆ அம்' ஆல்பம் வந்தது 1959-இல்.

ஜாஸ் என்றாலே நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். மோகினி டே வாயால் கொன்னக்கோல் சொல்லிக்கொண்டே அதே கணக்கை பேஸில் வாசிப்பார். தகதிமி தெரிந்தவர்களுக்கு உள்ளே நுழைய அந்த ஒரு வாசல் போதும்.

ஜாப் ஒர்க் எடுத்துத் தொழில் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக கம்பெனி போட்டவர்கள் திருப்பூரில் எத்தனையோ பேர். அடுத்தவருக்காக உழைப்பதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் கற்றுக்கொண்டதை வைத்து என்றாவது ஒருநாள் சொந்தமாக ஒன்று செய்து பார்க்க வேண்டும். கேட்கிற நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பாட்டு பிடித்திருந்தால் பேஸ் வாசித்தது யார் என்று தேடிப் பாருங்கள். அந்தப் பெயரையும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.